ஓட வேண்டியவர் யார்?

மலையகத் தோட்டங்களில் ஒரு குற்றச்சாட்டு அடிக்கடி என் காதில் விழுகிறது. "1990க்கு அடித்தோம். வண்டியும் வந்தது. ஆனால் வந்தவர்கள் ஓடி வரவில்லை. கல்யாண வீட்டுக்கு வருவதுபோல் நடந்து வந்தார்கள்." வட்டகொடையில் கேட்டிருக்கிறேன், தலவாக்கலையில் கேட்டிருக்கிறேன், பூண்டுலோயாப் பக்கமும் இதே வார்த்தைகளில் கேட்டிருக்கிறேன். லயத்து வாசலில் தகப்பன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது, கீழே படிக்கட்டில் பையுடன் நிதானமாக ஏறிவரும் இளைஞனைப் பார்க்கும் மகனுக்கு ஆத்திரம் வராமலிருந்தால்தான் அதிசயம். அந்த ஆத்திரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஆத்திரம் நியாயமானது என்பதனால் மட்டும் அது நீட்டும் விரலும் சரியான திசையைக் காட்டுகிறது என்று ஆகிவிடாது.

என் நிலைப்பாட்டை ஒளிவுமறைவின்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இளைஞன் நடந்துதான் வரவேண்டும். விரைந்து, நேராக, வழியில் நின்று கதை பேசாமல் நடந்து வரவேண்டும். ஓடக்கூடாது. ஓட வேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் நாற்காலியைவிட்டே எழவில்லை என்பதுதான் என் வழக்கு.

அம்புலன்ஸ் என்ற சொல்லின் வேரே 'நடத்தல்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்தான். போர்க்களத்தில் படையோடு கூடவே நகர்ந்து செல்லும் வைத்தியசாலையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'நடக்கும் வைத்தியசாலை' என்றார்கள். நம் நாட்டு அரச கரும மொழியிலோ அது 'நோயாளர் காவு வண்டி'. காவுதல் என்றால் சுமத்தல். சுமப்பவன் ஓடுவதில்லை. தேயிலைக் கூடையைச் சுமந்து செங்குத்தான மலையில் இறங்கும் எந்தப் பெண்ணையும் கேட்டுப்பாருங்கள், காரணத்தைச் சொல்லித் தருவாள்.

ஆனால் சொல்லாராய்ச்சி உயிரைக் காப்பாற்றாது. ஆகவே காரணங்களுக்கு வருவோம்.

முதலாவது, நிலம். வட்டகொடையின் பிரதான வீதி தலவாக்கலைக்கும் பூண்டுலோயாவுக்கும் இடையே ஓடுகிறது. லயங்களோ வீதியில் இல்லை. மேற்கணக்கு, பணியக்கணக்கு என்று மலைச்சரிவெங்கும் சிதறிக் கிடக்கின்றன. வண்டி நிற்கும் இடத்திலிருந்து நோயாளி கிடக்கும் காம்பராவுக்குப் போகும் வழி பாசி படர்ந்த கற்படிகளும், மழைநீர் அரித்த குறுக்குப்பாதையும்தான். ஒரு தோளில் மருந்துப் பை, மறு கையில் ஒட்சிசன் உருளை. இந்த நிலையில் ஓடுபவர் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால், ஒரு நோயாளி இருந்த இடத்தில் இரண்டு நோயாளிகள் இருப்பார்கள். வைத்தியம் செய்ய ஒருவரும் இருக்கமாட்டார். அந்த மலைக்கு அடுத்த வண்டி எங்கிருந்து, எப்போது வரும்?

இரண்டாவது, கண். நடப்பவன் பார்க்கிறான், ஓடுபவன் தன் காலடியை மட்டுமே பார்க்கிறான். நம் தோட்டங்களில் குளவிக் கொட்டு அன்றாடச் செய்தி. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூட்டமாகக் கொட்டப்பட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படுவதைப் பத்திரிகைகளில் ஆண்டு முழுவதும் வாசிக்கிறோம். கலைந்த கூடு எந்த மரத்தில், எந்தக் கற்பாறையில் இருக்கிறது என்று அறியாமல் அந்த மலைக்குள் ஓடிப்புகுவது வீரம் அன்று. குளவிகளுக்கு இன்னும் இரண்டு உடல்களைக் கொடுப்பது. மண்சரிவுக்கும் இது பொருந்தும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டது. ஒருமுறை சரிந்த மண் மறுமுறையும் சரியக்கூடும். அறுந்து கிடக்கும் மின்கம்பியும் அப்படித்தான். 'முதலில் இடம் பாதுகாப்பானதா எனப் பார்' என்பது உலகெங்கும் அவசர மருத்துவப் பயிற்சியின் முதற்பாடம். அந்தப் பாடத்தைக் கண்ணால்தான் நிறைவேற்ற முடியும். கண்ணுக்கு அதற்கான சில செக்கன்களைக் கால்கள் கொடுக்கவேண்டும்.

மூன்றாவது, கை. இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தும் சிகிச்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்திச் செய்யப்படவேண்டும். களைப்பினால் அழுத்தத்தின் தரம் குறைந்துவிடும் என்பதால் இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும் என்பது நடைமுறை. சமதரையில், களைப்பின்றித் தொடங்குபவருக்கே இந்தக் கதி. குளிர்மலையில் நூறு படிகளைப் பாரத்துடன் ஓடி ஏறி, மேல்மூச்சு வாங்க வந்து நிற்பவரின் கைகள் எத்தனை அழுத்தம் தாங்கும்? நடுங்கும் விரல்கள் நரம்பைத் தேடி ஊசி ஏற்றுமா? தன் மூச்சே காதை அடைக்கும்போது நோயாளியின் மூச்சொலி கேட்குமா?

நான்காவது, கூட்டம். லயத்தில் ஒருவர் விழுந்தால் முழு லயமும் கூடிவிடும். பதறி ஓடிவரும் உத்தியோகத்தரைக் கண்டால் கூட்டமும் பதறும். அமைதியாக வந்து, 'நீங்கள் விலகுங்கள், நீங்கள் விளக்கைப் பிடியுங்கள்' என்று சொல்பவரைக் கண்டால் அடங்கும். பதறாத காரியம் சிதறாது என்று நம் பாட்டிகள் சொன்னது சமையலுக்கு மட்டுமன்று.

"இதெல்லாம் சரி ஐயா, ஒரு நிமிடத்தில் உயிர் போய்விடாதா?" என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். கணக்குப் போட்டே பார்ப்போம். வண்டிக்கும் லயத்துக்கும் இடையே 200 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். விரைந்து நடப்பவர் செக்கனுக்கு ஒன்றரை மீற்றர் வீதம் கடந்தால் இரண்டேகால் நிமிடத்துக்குள் வந்துவிடுவார். அதன் இருமடங்கு வேகத்தில் ஓடினால் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஆக, பாரமும் ஏற்றமும் இல்லாத கற்பனைப் பாதையில்கூட ஓட்டத்தின் இலாபம் ஏறக்குறைய ஒரு நிமிடம். மெய்யான பாதையில் அதைவிடக் குறைவு.

ஒரு நிமிடம் அற்பமானது என்று நான் சொல்லமாட்டேன். இதயம் நின்றவருக்கு எந்த உதவியும் கிடைக்காவிட்டால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம்வரை குறைகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்ற கணிப்பு. ஆனால் அதே கணிப்பின் மறுபாதியையும் சேர்த்துப் படிக்கவேண்டும். பக்கத்தில் இருப்பவர் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட்டால் அந்த வீழ்ச்சி 3 முதல் 4 வீதமாக மட்டுப்படுகிறது. அதாவது, வண்டி வருவதற்கு முன்னுள்ள நிமிடங்களில் பக்கத்துக் காம்பராக்காரர் செய்யக்கூடியது, வண்டி வந்தபின் உத்தியோகத்தர் ஓடிச் சேமிக்கக்கூடியதைவிடப் பன்மடங்கு பெரியது. அந்தப் பக்கத்துக் காம்பராக்காரருக்கு யாராவது அதைக் கற்றுக்கொடுத்தார்களா?

குளவிக் கொட்டையும் இப்படியே பாருங்கள். கடும் ஒவ்வாமையால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, பூச்சிக்கொட்டினால் இறந்தவர்களில் மூச்சோ இதயமோ நின்றுபோகும் வரையான இடைநிலைக் காலம் 15 நிமிடம் எனக் கண்டது. பதினைந்து நிமிடத்துக்குள் அட்ரினலின் ஊசி வேண்டும். கொழுந்து மலையில் இருப்பவருக்கு, கைத்தொலைபேசியில் சிக்னல் தேடி, அழைத்து, இடத்தை விளக்கி, வண்டி நகரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்வதற்குள் அந்தப் பதினைந்தும் போய்விடலாம். கடைசி இருநூறு மீற்றரை ஓடிக் கடந்தாலும் பறந்து கடந்தாலும் அந்தக் கணக்கு நேராகாது. மருந்து மலையிலேயே, பயிற்சி பெற்ற ஒருவர் கையில் இருந்தால்தான் நேராகும்.

வீதியில் பறப்பதற்கும் விலை உண்டு. அமெரிக்காவில் 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்று, நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிகள் சைரனும் விளக்கும் இன்றிச் சென்ற ஒரு இலட்சம் பயணங்களில் 7 விபத்துகளும், அவற்றுடன் சென்ற ஒரு இலட்சம் பயணங்களில் 17 விபத்துகளும் நேர்ந்ததாகக் கணக்கிட்டது. அது அகன்ற அமெரிக்க வீதி. நம்முடையது ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம், நடுவே பனிமூட்டம்.

இந்தச் சேவை எளிதில் வந்ததன்று. இந்திய அரசின் நன்கொடையில் 2016 ஜூலை 28 அன்று மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் தொடங்கியது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் அதை நாடு முழுவதற்கும் விரிவாக்குவதாக நம் மக்கள் முன்னிலையில் அறிவித்தார். 2018இல் சுவசெரிய மன்றத்துக்கெனத் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. இலவச இலக்கம், இலவச வண்டி, பயிற்சி பெற்ற இளைஞர்கள். கம்பளியில் கிடத்தி நான்கு பேர் தூக்கிச்சென்று, தோட்ட லொறி கிடைக்குமா என்று துரையின் அனுமதிக்குக் காத்துக்கிடந்த தலைமுறையினருக்கு இதன் அருமை தெரியும். அந்த இளைஞர்களின் நடையை எடைபோடுவதில் நாம் ஆத்திரத்தைச் செலவிட்டால், செலவிட வேண்டிய இடத்தில் அது மிஞ்சாது.

எங்கே செலவிடவேண்டும்? பாதையைப் பாருங்கள். 1987இன் பிரதேச சபைகள் சட்டம் தோட்டங்களுக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. அதைத் திருத்த 2018வரை, முப்பத்தொரு ஆண்டுகள், எடுத்தது. நடந்ததா அது? தவழ்ந்தது! திருத்தியபின்னும் எத்தனை லயங்களின் வாசலுக்கு வண்டி போகிறது?

முகவரியைப் பாருங்கள். 2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டு வரலாற்றை மேடை போட்டு நினைவுகூர்ந்தோம். இருநூறு ஆண்டு வாழ்ந்த பின்னும் லயத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டிலக்கம் இல்லை. தோட்டத்தின் பெயரே முகவரி. இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவரிடம் "ஸ்டோருக்கு மேலே, கோயிலுக்குப் பக்கத்து லயம்" என்று சொன்னால் அவர் எந்தக் கோயிலைத் தேடுவார்? வண்டி சந்திசந்தியாக நின்று விசாரிக்கும் நிமிடங்களை எந்த ஓட்டத்தால் மீட்க முடியும்?

ஆகவே தோட்டக் கம்பனிகளிடமும் அரசிடமும், சந்தாப் பணம் பெறும் தொழிற்சங்கங்களிடமும் நான் கேட்பது நான்கே விடயங்கள். ஒவ்வொரு லயத்துக்கும் இலக்கமும், வீதிச் சந்தியில் அதைக் காட்டும் பலகையும் வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் பிரட்டுக்களத்தில் அட்ரினலினும் அதைச் செலுத்தப் பயிற்சி பெற்ற ஒருவரும் வேண்டும். ஒவ்வொரு லயத்திலும் நெஞ்சை அழுத்தும் சிகிச்சை அறிந்த இரண்டு இளைஞர்களாவது வேண்டும்; அவர்களில் ஒருவர் நெஞ்சை அழுத்த, மற்றவர் விளக்குடன் சந்திக்கு இறங்கி வண்டிக்கு வழிகாட்டுவார். நான்காவது, வண்டி ஏறக்கூடிய பாதை. அது முடியாத இடத்தில் கைப்பிடி போட்ட படிக்கட்டாவது.

இவற்றில் பாதைக்கு மட்டும்தான் பெரும்பணம் வேண்டும். மற்றவற்றுக்கு ஒரு தேர்தல் கூட்டத்துக்குக் கட்டும் கொடிகளின் செலவு போதும்.

அடுத்தமுறை பையுடன் படியேறி வரும் இளைஞனைக் கண்டால் அவனை ஏசாதீர்கள். வழிவிடுங்கள், விளக்கைப் பிடியுங்கள். அடுத்தமுறை வாக்குக் கேட்டோ சந்தா கேட்டோ ஒருவர் அதே படியேறி வந்தால், அவரை நிறுத்தி இந்த நான்கையும் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால், ஓடவேண்டியவர் அவர்தான்.