வீட்டுக் கருவிகள்: வந்து போகும் ஒலி

1970-களில் வாங்கிய ஸ்டீரியோ ரிசீவரில் ஒரு பக்கத்து ஒலி திடீரென மறைகிறது. வால்யூமை உயர்த்தினால் மீள்கிறது. உடனே கருவியைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடும் அன்பர்களைச் சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம்.

பிளக்கை எடுத்துவிட்டு, ரிசீவரின் பின்புறத்தில் இடம், வலம் ஸ்பீக்கர் கம்பிகளை மாற்றிப் பொருத்துக. குறை அதே ஸ்பீக்கரில் நின்றால் பழுது ஸ்பீக்கரிலோ கம்பியிலோ உள்ளது. மறுபக்கம் தாவினால், ரேடியோவிலும் டேப்பிலும் ஒருங்கே தோன்றினால், ரிசீவருக்குள் உள்ளது.

பெரும்பாலும் குற்றவாளி டிரான்சிஸ்டர் அன்று. சுவிட்சுகளிலும் ரிலே முனைகளிலும் படிந்த களிம்பே. மெலிந்த மின்னோட்டம் அப்படலத்தைக் கடக்க மாட்டாது. வலிய ஓட்டம் ஊடுருவிச் செல்லும். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று நகரங்களில் களிம்பு விரைந்தேறும். டேப் மானிட்டர் சுவிட்சை மறவாதீர். எவரும் தொடாமையாலேயே அது கெடுகிறது!

பிளக்கை எடுத்த நிலையில் குமிழ்களையும் சுவிட்சுகளையும் 20 முறை இயக்கினாலே பலவேளை ஒலி திரும்பும். திரும்பாவிடில் மெக்கானிக்கிடம் கான்டாக்ட் கிளீனர் இடச் சொல்லுக. தையல் இயந்திர எண்ணெய் ஆகவே ஆகாது. மூடியைத் தாமே திறத்தல் வேண்டா. பிளக்கை எடுத்த பின்னும் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ரிலே முனைகளை உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும். புது ரிலே பொருத்துவதே முறை.