காய்ச்சல் விட்டதும் கபடிக்கு அனுப்பாதீங்க!

காய்ச்சல், தொண்டைவலி, கழுத்தில் நெறிக்கட்டு, நாள்கணக்கில் நீளும் அசதி... டீன்ஏஜ் பிள்ளைகளுக்கு இவை சேர்ந்து வந்தால், எப்ஸ்டீன்-பார் வைரஸாகவும் இருக்கலாம். எச்சில் வழியே பரவும் இந்த வைரஸ், சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சாதாரண சளிபோல வந்து போய்விடும்.

வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் பலன் தராது. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினைக் கொடுத்தால் உடம்பெல்லாம் தடிப்பு வரலாம். ஆஸ்பிரினும் கூடாது. ஓய்வும் நீராகாரமும் முக்கியம்.

இந்தத் தொற்றில் மண்ணீரல் வீங்கலாம். அடிபட்டால் கிழிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் காய்ச்சல் விட்டாலும், குறைந்தது 3 வாரங்கள் கபடி, ஃபுட்பால் வேண்டாம். டாக்டர் சொன்ன பிறகு அனுப்புங்கள். இடது மேல்வயிற்றில் திடீரென வலித்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தடுப்பூசி இல்லாததால் பழக்கம்தான் பாதுகாப்பு. ஸ்பூனைப் பங்கு போட வேண்டாம். தண்ணீரை அண்ணாந்து குடிக்கப் பழக்குங்கள்!