சீரகத் தண்ணீரும் மெட்டபாலிசமும்



மெட்டபாலிசம் கூட காலையில் சீரகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி இந்த வாரம் மட்டும் நாலு பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டீர்கள். தாராளமாகக் குடியுங்கள், வாசனையாக இருக்கும். ஆனால் தொப்பை கரையும் என்று நம்பாதீர்கள்.

நாற்பது வயதானால் வளர்சிதை மாற்றம் குறைந்து உடம்பு போடும் என்பதும் சரியல்ல. 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து, 2021-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். உடல் அளவைக் கணக்கில் கொண்டால் 20 முதல் 60 வயது வரை அது ஏறக்குறைய மாறுவதே இல்லை. அதன் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் அளவில் இறங்குகிறது. அந்தச் சாக்கு என் வயதுக்காரர்களுக்குத்தான் செல்லும்! உங்களுக்குக் குறைந்தது நடை.

சும்மா இருக்கும்போதே ஒரு கிலோ தசை, ஒரு கிலோ கொழுப்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் கலோரி எரிக்கும். பட்டினி கிடந்தால் அந்தத் தசையும் சேர்ந்து கரையும். பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் சாப்பிடுங்கள். மாடிப்படி ஏறுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியில் பத்து தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள்.

தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டு இயற்கை முறைக்கு மாறிவிட்டதாக ஒரு மாணவி எழுதியிருந்தாள். பெயர் வேண்டாம், அவளுக்குத் தெரியும். வேண்டாம் அம்மா. அந்தச் சுரப்பு குறைந்தால் மெட்டபாலிசம் நிஜமாகவே மந்தமாகும். சீரகம் அதை ஈடுகட்டாது. டாக்டரைப் பார்த்து டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை எடு. மாத்திரையை வெறும் வயிற்றில் சாதாரணத் தண்ணீரில் போடு. சீரகத் தண்ணீரை ஒரு மணி நேரம் கழித்துக் குடி.