கிராமா... கிரெய்னா? கொடைக்கானலில் ஒரு தோட்டா கணக்கு!

வத்தலகுண்டில் பஸ் ஏறும்போது என் கையில் இருந்த சிப்ஸ் பாக்கெட் நார்மலாகத்தான் இருந்தது. பெருமாள்மலை தாண்டும்போது பார்த்தால், பலூன் மாதிரி உப்பிக் கிடக்கிறது! பக்கத்து சீட் வாண்டு அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு வந்தான். சரி, பாவம் என்று கொடுத்தேன். ‘டப்’பென்று ஒரே குத்து. பாதி சிப்ஸ் முன் சீட் அம்மாவின் கொண்டையில்.

அந்த சிப்ஸ் பாக்கெட்டுக்குத் தெரிந்த ஒரு விஷயம், ரெண்டு நாள் கழித்து என் லேப்டாப்புக்குத் தெரியாமல் போனது. அந்தக் கதைதான் இந்த வாரம்.

முதலில் ஃப்ளாஷ்பேக். காலேஜில் நான் என்.சி.சி. பாய். 0.22 ரைஃபிளில், 25 மீட்டரில், குப்புறப் படுத்துக்கொண்டு சுட வேண்டும். ஐந்து தோட்டா சுட்டால் ஐந்தும் ஒரு டீ கிளாஸ் வாய்க்குள் அடங்குவதுதான் மரியாதை. என்னுடையது? ஐந்தும் அஞ்சு ஊர். ரூம்மேட்தான் ஐடியா கொடுத்தான். “மச்சி, பாலிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர்னு ஒண்ணு இருக்கு. தோட்டாவோட ஜாதகத்தையே சொல்லும்!”

செமஸ்டர் லீவுக்குக் கொடைக்கானலில் சித்தப்பா வீடு. வெளியே பனி, உள்ளே ஸ்வெட்டர், மடியில் லேப்டாப். ஃப்ரீயாகக் கிடைத்த ஒரு சாஃப்ட்வேரைத் திறந்தேன். நிறைய கட்டங்கள். தோட்டாவின் எடை, குழாயை விட்டுக் கிளம்பும் வேகம், காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் திறமைக்கு ஒரு நம்பர் (இதற்குப் பேர் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட்), வெயில், காற்றழுத்தம், ஊரின் உயரம். எல்லாம் நிரப்பி பட்டனைத் தட்டினால், எத்தனை மீட்டரில் தோட்டா எத்தனை சென்டிமீட்டர் கீழே இறங்கும் என்று பட்டியல் வந்து விழும்.

வந்தது. அதில் தோட்டாவின் ஆற்றல் ரெண்டாயிரத்துச் சொச்சம் ஜூல் என்று போட்டிருந்தது. ‘அட, நம்ம என்.சி.சி. துப்பாக்கி இவ்வளவு மாஸா?’ என்று ஒரு நிமிஷம் காலரைத் தூக்கினேன். அப்புறம்தான் பொறி தட்டியது. அது ஏ.கே.47 தோட்டாவுக்கு உண்டான ஆற்றல்!

விஷயம் இதுதான். தோட்டா உலகில் எடையை கிராமில் சொல்ல மாட்டார்கள், கிரெய்னில் சொல்வார்கள். ஒரு கிரெய்ன் என்பது 0.065 கிராம்கூட இல்லை. நம்ம 0.22 தோட்டா 40 கிரெய்ன், அதாவது வெறும் 2.6 கிராம். நான் யூனிட்டை கிராம் என்று மாற்றிவிட்டு, 40-ஐ அப்படியே விட்டிருக்கிறேன். சரியாகப் போட்டால் ஆற்றல் சுமார் 140 ஜூல். சாஃப்ட்வேர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘தம்பி, 40 கிராம் தோட்டா இந்தத் துப்பாக்கிக்குள்ளே நுழையுமா?’ என்று கேட்க அதற்கு வாய் கிடையாது.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது என்று நோண்டினேன். அடப்பாவி, நம்ம எம்-4 சிலபஸ்! தோட்டாவின் பயணத்தைக் குட்டிக் குட்டி நேரத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் காற்று எவ்வளவு இழுக்கிறது, பூமி எவ்வளவு இழுக்கிறது என்று கூட்டிக்கொண்டே போகிறது. நம்மை அரியர் வைக்க வைத்த ஆய்லர் மெத்தட், ரங்கே-குட்டா மெத்தட் எல்லாம் இங்கேதான் சம்பாதிக்கின்றன. 1940-களில் அமெரிக்காவில் எனியாக் கம்ப்யூட்டரைக் கட்ட ஆரம்பித்ததே பீரங்கிகளுக்கு இந்தக் கணக்கைப் போடத்தான். ஒரு ஆள் டெஸ்க் கால்குலேட்டரோடு உட்கார்ந்தால் ஒரு பாதைக்கு 20 மணி நேரம். எனியாக்குக்கு 30 செகண்ட். என் ஓட்டை லேப்டாப்புக்குக் கண் சிமிட்டும் நேரம்.

இந்தக் கணக்குக்கெல்லாம் அப்பா யார் தெரியுமா? பெஞ்சமின் ராபின்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர். அவருக்கு முன்னால் பலரும் தோட்டா அழகான பரவளையத்தில் போகும், காற்று ஒரு பொருட்டே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். ராபின்ஸ் நம்பவில்லை, அளந்தார். கனமான மரக்கட்டையை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டு, அதில் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று பார்த்துத் தோட்டாவின் வேகத்தைக் கண்டுபிடித்தார். பிளஸ் ஒன் ஃபிசிக்ஸில் வரும் உந்த அழிவின்மை விதிதான். கட்டையைத் தள்ளித் தள்ளி வைத்து அளந்தபோது, காற்றின் இழுவை தோட்டாவின் எடையைப் போலப் பல மடங்கு என்று தெரிந்தது. 1742-ல் புத்தகமாகப் போட்டார். 1745-ல் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, விளக்கம் எழுதிப் பெரிதாக்கியவர்... நம்ம ஆய்லரேதான்!

இதில் எனக்கு ஷாக் அடித்த விஷயம் வேறு. ராபின்ஸ் செத்துப்போனது நம்ம கடலூரில்! கிழக்கிந்திய கம்பெனி அவரைக் கோட்டைகளைப் பலப்படுத்தும் இன்ஜினீயராக இங்கே அனுப்பியது. தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டைக்கு 1750-ல் வந்தார். 1751 ஜூலையில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வயது 44. கடலூர் ஃப்ரெண்ட்ஸ், பீச்சுக்குப் போகும்போது அந்தப் பக்கம் ஒரு சல்யூட் வைங்கப்பா.

ராபின்ஸைப் படித்த சூட்டில், கடலூர் காற்றில் ஒரு தோட்டா, கொடைக்கானல் காற்றில் அதே தோட்டா என்று ஒப்பிட ஆசை வந்தது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைவு. இழுவை குறைந்தால், தோட்டா குறைவாக இறங்க வேண்டும். செல்போனில் வெதர் பார்த்து 1,014 ஹெக்டோபாஸ்கல் என்று அழுத்தக் கட்டத்தில் போட்டேன். ரிசல்ட்? கடலூருக்கும் கொடைக்கும் கிட்டத்தட்ட ஒரே விடை. ராபின்ஸ் பொய்யா?

அரை நாள் மண்டை காய்ந்த பிறகு சிப்ஸ் பாக்கெட் ஞாபகம் வந்தது. வெதர் ரிப்போர்ட்டில் சொல்லும் அழுத்தம், அந்த ஊர் கடல் மட்டத்தில் இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று திருத்திச் சொல்வது. ஊருக்கு ஊர் ஒப்பிட வசதியாக அப்படி வைத்திருக்கிறார்கள். கொடைக்கானலில் நிஜமாக நம் தலையில் உட்கார்ந்திருப்பது 790 சொச்சம்தான். அதனால்தான் பாக்கெட் உப்பியது. 790 என்று போட்டவுடன் 100 மீட்டரில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தது. 25 மீட்டரில்? ஒன்றுமே இல்லை. ஆக, என் ஐந்து தோட்டாவும் அஞ்சு ஊருக்குப் போனதற்குக் காற்று காரணமில்லை. அந்தச் சோகத்தை விடுங்கள்.

இதே சாஃப்ட்வேர் குடும்பத்தில் ஒரு டேஞ்சரான அண்ணன் உண்டு. நான் பார்த்தது குழாய்க்கு வெளியே நடப்பதை. அண்ணன் கணக்குப் போடுவது குழாய்க்கு உள்ளே. வெளிநாடுகளில் சுட்ட தோட்டாவின் காலி பித்தளைக் கூட்டை எடுத்து, புது பிரைமர், புது மருந்து, புது குண்டு வைத்து வீட்டிலேயே தயார் செய்கிறார்கள். ஹேண்ட்லோடிங் என்று பேர். அவர்களுக்காக குவிக்லோட் மாதிரி சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. இவ்வளவு மருந்து போட்டால் உள்ளே இவ்வளவு அழுத்தம் என்று சொல்லும். புகையில்லா மருந்தின் குணம் என்னவென்றால், அழுத்தம் ஏற ஏற வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். கொஞ்சம் கூடப் போட்டால் கொஞ்சம்தான் கூடும் என்று நினைத்தால் தொலைந்தோம். கிராம், கிரெய்ன் குழப்பத்தை அங்கே செய்திருந்தால் காலரைத் தூக்கக் கை இருந்திருக்காது. நம்ம ஊரில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். ஸோ, ஆசைப்பட வேண்டாம் பாஸ்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் அளந்துகொண்டிருந்தபோது, “வாடா, ஒருத்தரைக் காட்டுறேன்” என்று மேல்மலைப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனார். பூண்டுத் தோட்டம். திண்ணையில் ஒரு தாத்தா. டீ டம்ளரை இடது கையில் வாங்கினார். வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும்தான்.

“காட்டுமாடும் பன்னியும் வெள்ளாமையை விடாது தம்பி. அப்பல்லாம் நாட்டுத் துப்பாக்கி வெச்சிருந்தோம். ஒரு நாள் ராத்திரி நல்ல மழை. மருந்து கெட்டிச்சு வெச்சதை மறந்துட்டேன். மறுபடியும் கெட்டிச்சேன்.”

குழாய் வாயில் கருமருந்தைக் கொட்டி, குச்சியால் இடித்து, குண்டு போட்டு அடைக்கும் ரகம் அது. உள்ளே ஏற்கெனவே ஒரு முழு லோடு இருந்திருக்கிறது. குழாய் வெடித்துவிட்டது.

“எவ்வளவு மருந்து தாத்தா போடுவீங்க?”

இடது உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். “இந்தக் குழி நெறைய.”

லேப்டாப் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. பேச்சை மாற்ற நினைத்து சிப்ஸ் பாக்கெட் கதையைச் சொன்னேன். தாத்தா சிரித்துவிட்டார். “இங்க பருப்பு வேகுறதுக்கே கூட நேரமாகும், தெரியுமா? கீழ இருந்து கட்டிக்கிட்டு வந்த மருமக மொத மாசம் பூரா அரைவேக்காட்டுப் பருப்புதான் போட்டா” என்றார். கிளம்பும்போது ரெண்டு கிலோ பூண்டு கட்டிக்கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி ஃபயரிங். கார்டைப் போட்டோ எடுத்து ரூம்மேட்டுக்குக் காட்ட வேண்டும். ஐந்தில் மூன்றாவது ஒரே ஊரில் இறங்கினால் பூண்டு ரசம் என் செலவு.