ரைட்டர் சாகவில்லை; பட்டினி கிடக்கிறது!

புதுக் கம்ப்யூட்டர் வந்தாச்சு. பீரோவில் பழைய டி.வி.டி. ரைட்டர் கிடக்கிறது. வெளியே வைத்து ஒயர் செருகி ஓட்டுகிற ரகம்.

செருகினால் "டக்... டக்..." என்று சத்தம். விளக்கு மினுக்குகிறது. திரையில் பெயர் தெரிகிறது, உடனே மறைகிறது.

"செத்துப் போச்சு சார். தூக்கிப் போடுங்க!"

கடைக்காரர் தீர்ப்பு சொல்லி விடுகிறார். விசாரணை கிடையாது. பிரேதப் பரிசோதனை இல்லாமலே மரணச் சான்றிதழ்!

இது அநியாயம்.

இப்போது விற்கும் கேபினட்டுகள் பலவற்றில் சி.டி. போட வாசலே இல்லை. வீட்டில் இருக்கும் பழைய பெட்டிதான் ஒரே வழி. அதை நம்பி எத்தனை காத்திருக்கின்றன? 2005-ல் நடந்த கல்யாணம். இன்று உயிரோடு இல்லாத தாத்தா பந்தலில் சிரித்துப் பேசுகிற காட்சி. ஸ்கேன் சென்டரில் கொடுத்த சி.டி. டாக்டர் "பழைய ஸ்கேன் எங்கே?" என்று கேட்பாரே! வழக்குகளில் கூட கேமரா பதிவை சி.டி.யில் போட்டுக் கொடுப்பது உண்டு. வக்கீல் வீட்டுக் கம்ப்யூட்டரில் அது ஓடவில்லை என்றால்?

குற்றவாளி யார்?

பெரும்பாலும் ஒயர்தான்!

மெல்லிய ரைட்டருக்குத் தனி கரண்ட் கிடையாது. கம்ப்யூட்டர் போடுகிற சோறுதான். யு.எஸ்.பி. 2.0 ஓட்டையில் முறைப்படி கிடைப்பது 500 மில்லி ஆம்பியர். 3.0 ஓட்டையில் 900. சி.டி.யைச் சுழற்றிக் கிளப்பும் நேரத்தில் பழைய ரைட்டர்கள் ஒரு ஆம்பியர் வரை கேட்கும். சில அதற்கு மேலும் கேட்கும். கிடைக்காவிட்டால் "டக்... டக்..."தான்.

இதற்காகத்தான் அந்த நாளில் இரட்டைத் தலை ஒயர் கொடுத்தார்கள். ஒரு முனை ரைட்டருக்கு, இரண்டு தலை கம்ப்யூட்டருக்கு. நம் ஆட்கள் ஒரு தலையைத்தான் செருகுவார்கள். இன்னொன்று தொங்கும்!

அடுத்த தப்பு, முன்பக்க ஓட்டை. கேபினட்டுக்குள் ஒயர் இழுத்து வந்த ஓட்டை அது. வருகிற வழியிலேயே கரண்ட் கொஞ்சம் இறங்கும். பின்பக்கம் இருப்பது மதர்போர்டிலேயே உள்ள ஓட்டை. மேசையை நகர்த்திப் பின்னால் செருகுங்கள். குட்டை ஒயராகப் போடுங்கள். அப்படியும் மக்கர் பண்ணினால் தனி அடாப்டர் உள்ள ஹப் வழியாகக் கொடுங்கள்.

ஜாக்கிரதை! ரைட்டரில் குண்டூசித் துளை மாதிரி அடாப்டர் துளை இருந்தால், கையில் கிடைத்ததைச் செருகாதீர்கள். மெல்லிய ரைட்டர் கேட்பது 5 வோல்ட். வீட்டில் பல ரூட்டர்களுக்குக் கொடுப்பது 12 வோல்ட் அடாப்டர். அப்புறம் நிஜமாகவே சாவுதான்.

டிரைவர் மோசடி

"டிரைவர் இல்லை, இங்கே அமுக்கி இறக்குங்கள்" என்று வலை விரிக்கும் கூட்டம் ஒன்று உண்டு. இதற்குத் தனி டிரைவர் வேண்டியதில்லை. விண்டோஸ், லினக்ஸ் இரண்டுமே தாமாகக் கண்டுகொள்ளும். ஏமாந்து அமுக்கினால் வைரஸ் வந்து உட்காரும்.

ஃபைல் தெரிகிறது, கல்யாணப் படம் மட்டும் ஓடவில்லையா? ரைட்டர் நிரபராதி! 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோதே டி.வி.டி. படம் காட்டும் வசதியைத் தூக்கி விட்டார்கள். 10, 11-லும் அது கூடவே வருவதில்லை. வி.எல்.சி. என்ற பிளேயரை அதன் சொந்தத் தளத்தில் இருந்து இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கவுண்டரில் ஒரு இரட்டைத் தலை ஒயர் வைத்திருங்கள். செருகிப் பார்க்க இரண்டு நிமிஷம். அதன்பிறகும் ஓடவில்லை என்றால் "செத்தது" என்று தாராளமாகச் சொல்லுங்கள். லென்ஸ் தேய்ந்த ரைட்டர்களும் உண்டுதான். புதுசு விற்பதில் யாருக்கும் வருத்தமில்லை.

ஓட ஆரம்பித்து விட்டதா? அன்றைக்கே காப்பி எடுங்கள். வீட்டில் எழுதின சி.டி.க்கு ஆயுள் கெட்டி இல்லை. சூட்டிலும் ஈரத்திலும் மேல்பூச்சு கெடும். சி.டி. ஒன்று 700 எம்.பி.; சாதா டி.வி.டி. 4.7 ஜி.பி. ஒரு 64 ஜி.பி. பென் டிரைவில் பன்னிரண்டு டி.வி.டி. அடங்கும். இரண்டு காப்பி போட்டு, ஒன்றைத் தம்பி வீட்டில் கொடுத்து வையுங்கள்.