கொங்கன் ரெயிலும் ஸ்ரீதரன் போட்ட கணக்கும்

கொங்கன் ரெயில்வே கழகத்தை இந்திய ரெயில்வேயுடன் இணைக்க 2025 மே மாதம் மராட்டிய அரசு சம்மதம் தெரிவித்தது. கொங்கன் என்ற பெயர் மாறக்கூடாது, தான் போட்ட 396 கோடி ரூபாயைத் திருப்பித் தரவேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். மும்பைத் தமிழர்களில் பலர் இதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். பன்வெலில் நின்று ஜாம்நகர் - திருநெல்வேலி ரெயிலைப் பிடித்து ஊர் போகிறவர்களுக்கோ இது சொந்த விஷயம்.

இந்தப் பாதையைப் போட்டவர் என்ஜினீயர் இ.ஸ்ரீதரன். 1932-ல் பாலக்காடு மாவட்டத்தில் பிறந்து, காக்கிநாடாவில் படித்து, 1954-ல் ரெயில்வே வேலைக்கு வந்தவர். ராமநாதபுரத்துப் பெரியவர்கள் அவரை அப்போதே அறிவார்கள். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தது. சரிசெய்ய ஆறு மாதம் என்றது ரெயில்வே. மூன்றே மாதம் என்றார் மேலதிகாரி. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலில் விழுந்த இரும்புக் கர்டர்களையே தூக்கி எடுத்து மறுபடி பொருத்தினார்.

கொங்கனுக்கு அவர் வந்தது 1990-ல், ஓய்வுபெறும் வயதில். ரெயில்வே பட்ஜெட்டில் இதற்குப் பணம் இல்லை. எனவே தனிக் கழகம் அமைத்தார்கள். ரெயில்வேக்கு 51 சதவீதம், மராட்டியத்துக்கு 22, கர்நாடகத்துக்கு 15, கோவாவுக்கும் கேரளத்துக்கும் தலா 6. மீதிக்குக் கடன் பத்திரம். ரெயில்வே ஆபீசில் பைல் எப்படி நகரும் என்பது குமாஸ்தாவான எனக்குத் தெரியும். டெல்லி போய்த் திரும்பவேண்டிய பல முடிவுகளை இந்தக் கழகம் தானே எடுத்தது. வேலை ஓடியதற்குப் பாதிக் காரணம் அதுதான். 90-க்கு மேற்பட்ட சுரங்கங்களுடன் 760 கிலோமீட்டர் பாதை 1998 ஜனவரி 26-ல் திறக்கப்பட்டது.

பிறகு 2011 வரை டெல்லி மெட்ரோ. 2009-ல் அங்கே தூண் சரிந்து உயிர்கள் போனபோது பொறுப்பேற்று ராஜினாமா கொடுத்தார், அது ஏற்கப்படவில்லை. 2021-ல் பாலக்காட்டில் தேர்தலில் நின்று தோற்றது தனிக்கதை.

அன்று வேகம் தந்த தனிக் கழகமே பின்னாளில் பாரமானது. கடன் சுமையில் இருப்பவர்கள் இரண்டாவது பாதைக்குப் பணத்துக்கு எங்கே போவார்கள்? ரோஹா - வீர் பகுதி மட்டும் 2021-ல் இரட்டைப் பாதையானது. மற்ற இடங்களில் பெரும்பாலும் ஒற்றைப் பாதைதான். எதிர்வண்டிக்காக நம் வண்டி ஒதுங்கி நிற்கிறது. மழைக்காலத்தில் வேகத்தையும் குறைக்கிறார்கள்.

இணைந்தால் பட்ஜெட் பணம் வரலாம். பைலும் மறுபடி டெல்லிக்குப் போகும். ஸ்ரீதரன் தம் ஆபீஸ்களில், வேலை முடிய இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் கடிகாரத்தை மாட்டிவைத்தவர். இரட்டைப் பாதைக்கும் அப்படியொரு தேதி உண்டா என்பதை நம் சங்கங்கள் இப்போதே எழுதிக் கேட்கவேண்டும்.