உனக்கெதற்கு என்று கேட்பவருக்கு

பட்டினச்சேரியில் குடியிருக்கும் பிரெஞ்சுப் பிரஜைக்குப் பிரான்ஸில் வங்கிக் கணக்கு எதற்கு, காரைக்கால் வங்கியே போதாதா என்று நண்பர் எழுதியிருப்பது, சரித்திரத்தையும் சட்டத்தையும் ஒருங்கே மறந்த வாதமாகும். 1956-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல் அமலுக்கு வந்த, பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைத்த உடன்படிக்கையே, ஆறு மாத அவகாசத்துக்குள் பிரெஞ்சுப் பிரஜாவுரிமையைத் தேர்ந்துகொள்ள இம்மண்ணின் மக்களுக்கு வழிவிட்டது; ஆகவே அவர்கள் கோருவது தயவன்று. 'லிவ்ரே ஆ' எனும் சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வசிப்போரும் வைத்திருக்கலாம். பிரான்ஸில் நடைமுறைக் கணக்கே இல்லாத பிரெஞ்சுப் பிரஜை, எத்தேசத்தில் வசித்தாலும், வங்கி நிராகரித்தால் பிரான்ஸின் மத்திய வங்கியிடம் முறையிட்டுத் தமக்கொரு வங்கியை நியமிக்கச் செய்யலாம். திண்ணையில் அமர்ந்து, கடவுச்சீட்டின் நகலையும் மின்கட்டண ரசீதையும் உறையிலிட்டு ஒட்டும் ஓய்வூதியப் பெரியவருக்கு நண்பர் உபகாரம் செய்ய விரும்பினால், வங்கியின் மறுப்பை எழுத்து மூலம் கேட்டு வாங்கும்படி சொல்லட்டும். முறையீட்டுக்கு அதுவே முதல் ஆவணம்.